ஒரு முயலுக்கு இரண்டு கை

மேசை மேல் இளநீல நிறத்தில் ஓர் உல்லன் உருண்டை இருந்தது. பக்கத்தில் மூங்கிலில் செய்த இரண்டு நீள ஊசிகள். மேசைக்கு அந்தப் பக்கம் ஷர்மிளா மேடம், இந்தப் பக்கம் நான். எனக்குப் பின்னால் யாரோ ஓர் அம்மா நிற்கிறார், அவருக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

“உங்களுக்குத்தான் சார்” என்றார் மேடம். “இத வச்சு ஒரு முயல் பண்ணப் போறீங்க.”

“மொசலா?”

“பொம்மை முயல். சின்னதுதான். உள்ளங்கைல உக்காரும்.”

நான் சிரித்தேன். விழுப்புரத்தில் அந்தப் பிசியோதெரபி அறையில் மருந்து எண்ணெய் வாசனையும் மின்விசிறிச் சத்தமும் தவிர வேறு எதுவும் இல்லாததால், என் சிரிப்பு எனக்கே பெரிதாகக் கேட்டது. மேடம் சிரிக்கவில்லை. ஊசியை எடுத்து என் வலது கையில் வைத்தார். அது நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் வைத்தார்.

“அடுத்த தடவை வரும்போது நாலு வரிசையாவது பின்னிக்கினு வரணும்” என்றார்.

நின்றுகொண்டிருந்த பஸ்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலாகப் பிரிக்கிறீர்கள் என்றால், என்னைப் பற்றி ஒரு வரி. என் பெயர் ஏழுமலை. வீடு திண்டிவனம். விழுப்புரம் – திண்டிவனம் தடத்தில் பஸ் ஓட்டுகிறேன். மற்ற வாரங்களில் வண்டியைப் பற்றியும் அதில் ஏறுகிறவர்களைப் பற்றியும் எழுதுவேன். இந்த வாரம், வண்டி இல்லாமல் நான் இருந்த மாதங்களைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன்.

பஸ் டிரைவருக்குக் கை உடைந்தது என்றால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “ஆக்சிடென்ட்டா?” இருபத்திரண்டு வருஷத்தில் என் வண்டி ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. வண்டி யாரையும் இடிக்கவில்லை, நான்தான் வண்டியிலிருந்து விழுந்தேன். அதுவும் திண்டிவனம் பஸ் நிலையத்தில், இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்க இறங்கும்போது.

ஐப்பசி மழை. டிரைவர் பக்கத்துப் படி வழுக்கியது. விழும்போது வலது கையை ஊன்றினேன். மணிக்கட்டில் ‘டக்’ என்று ஒரு சத்தம். கண்டக்டர் பாபு ஓடி வந்து என்னைத் தூக்கினான்.

“இன்னாண்ணே, வண்டி நின்னுக்கினுதான இருந்துச்சு?” என்று கேட்டான்.

அவனை அன்றைக்கே மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்த கை என் கையாகவே தெரியவில்லை. தோல் உரிந்து, மெலிந்து, மணிக்கட்டு மரம் மாதிரி விறைத்து நின்றது. விரல்கள் பாதி வரை மடங்கும், அதற்கு மேல் போகாது. தோசையைப் பிய்க்க முடியாது. சட்டைப் பித்தானை செல்விதான் போட்டுவிட்டாள். செல்வி என் மனைவி. அனந்தபுரத்துப் பெண், விவசாயக் குடும்பம்.

வலது கைதானே, இடது கையால் சமாளிக்கலாமே என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். அவர்கள் வண்டி ஓட்டத் தெரியாதவர்கள். நம் ஊர் வண்டியில் கியர் இடது கைப் பக்கம் இருக்கிறது. விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி ஒவ்வொரு கியராக ஏற்றும்போது, இடது கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கியருக்குப் போகும். அந்த நேரத்தில் அறுபது பேரையும் பிடித்துக்கொண்டிருப்பது வலது கை ஒன்றுதான்.

இரண்டரை மாதத்தில் மெடிக்கல் போர்டு. அங்கே கையைப் பார்த்து, ஓட்டலாமா கூடாதா என்று எழுதுவார்கள். ஓட்டலாம் என்றால் வண்டி. கூடாது என்றால் டிப்போ கேட்.

எங்கள் டிப்போ கேட்டில் ஒரு மேசையும் ஒரு நோட்டும் உண்டு. உள்ளே வரும் வண்டி நம்பர், வெளியே போகும் வண்டி நம்பர், நேரம் எல்லாம் அதில் எழுத வேண்டும். முன்பு கண் பார்வை குறைந்த ஒரு டிரைவரை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வண்டி போகும்போதும் அவர் கை தூக்குவார். நாங்களும் தூக்குவோம். அந்த மேசையைத் தாண்டும்போதெல்லாம் ஆக்சிலேட்டரை ஒரு மிதி கூடுதலாக மிதிப்பேன். அந்த நாற்காலி மேல் எனக்கு அவ்வளவு பயம்.

வலைக்காரன் முடிச்சு

முயலுக்கு முன்னால் மேடம் எனக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார். தினமும் ஐந்நூறு தடவை அமுக்க வேண்டும்.

“அமுக்கினீங்களா சார்?”

“அமுக்கினேன் மேடம்.”

“பந்து இப்ப எங்க இருக்குது?”

“டிவி மேல.”

மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. திருவாமாத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். பொய் சொல்கிற ஆண்களைத் தினம் இருபது பேர் பார்க்கிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

“பந்த அமுக்கினா அடுத்து இன்னா? மறுபடியும் பந்துதான். அதான் யாரும் செய்யறதில்ல. பின்னல்னா அடுத்த வரிசை எப்படி வருதுன்னு பாக்கத் தோணும். ஊசியப் பிடிக்கணும், நூல இழுக்கணும், மணிக்கட்டத் திருப்பணும். உங்க கைக்கு இன்னா வேணுமோ எல்லாம் அதுல இருக்குது. முடிச்சா ஒரு பொம்மையும் மிச்சம்.”

அவர் சொன்னதில் எனக்கு ஒரே ஓர் இடம்தான் காதில் விழுந்தது. நூல், ஊசி. அடடா, இது நம்ம வேலையாயிற்றே!

எங்கள் அப்பா மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்துக்காரர். வீட்டில் எல்லோருக்கும் வலை கட்டத் தெரியும். நான் ஒருவன்தான் கடலை விட்டு ரோட்டுக்கு வந்தவன். ஆனாலும் கிழிந்த வலையை என் கையில் கொடுத்தால் பேசிக்கொண்டே கட்டி முடித்துவிடுவேன். அப்பேர்ப்பட்டவனுக்கு உள்ளங்கை அளவு முயல் எம்மாத்திரம்?

“மேடம், நாலு வரிசை இன்னா, முழு மொசலையும் எடுத்தாந்துடறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதல் வரிசை ஏற்றுவது எளிது. ஒரே ஊசியில் நூலைச் சுற்றிச் சுற்றி முப்பது கண்ணி. மேடம் அதை ‘லூப்’ என்றார், எனக்கு அது கண்ணிதான். சிக்கல் இரண்டாவது வரிசையில் வந்தது. இரண்டாவது ஊசியை முதல் கண்ணிக்குள் நுழைக்க வேண்டும். நுழையவில்லை. அடுத்ததிலும் நுழையவில்லை. முப்பதில் ஒன்றில்கூட நுழையவில்லை. பல்லைக் கடித்துக் குத்தினேன், மூங்கில் ஊசியின் முனை உடைந்தது.

உடைந்த ஊசியோடு போய் நின்றபோது மேடம் என் முப்பது கண்ணிகளையும் நகத்தால் நெருடிப் பார்த்தார்.

“சார், இன்னா இப்படி இறுக்கி வச்சிருக்கீங்க? கயிறு திரிச்ச மாதிரி இருக்குது!”

“லூசா உட்டா கண்ணி நவுந்துடும் மேடம். மீனு பூடும்.”

“இதுல மீன் பிடிக்கப் போறீங்களா?”

வலையில் ஒவ்வொரு கண்ணியையும் முடிச்சுப் போட்டு, கை வலிக்கும் வரை இழுத்து இறுக்க வேண்டும். இறுக்காதவன் வலைக்காரனே கிடையாது. இந்த உல்லன் வேலையில் எல்லாம் தலைகீழ். முடிச்சே கிடையாது. கண்ணி ஊசி மேல் தாராளமாக வழுக்கி ஓட வேண்டும். இழுத்தால் கெட்டது. சின்ன வயதிலிருந்து கைக்குள் இறங்கிய பழக்கத்தை ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து மறக்கச் சொன்னால் எப்படி? எனக்குப் பேஜாராகிவிட்டது.

மேடம் புது ஊசி கொடுத்தார்.

ஜன்னல் கம்பி

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வலது கையால் ஊசியைப் பிடித்தால் வலிக்கிறது. விரலிலிருந்து முழங்கை வரைக்கும் சுண்டி இழுக்கிற வலி. ஒரு வரிசைக்குள் பத்துத் தடவை ஊசி நழுவுகிறது. கண்ணி கழன்றுவிடுகிறது. கழன்ற கண்ணியைப் பிடிக்கப் போனால் பக்கத்துக் கண்ணியும் போய்விடுகிறது.

வலை கட்டுகிறவன் வலையின் ஒரு முனையைக் கையில் வைத்துக்கொள்வதில்லை. மரத்திலோ கம்பத்திலோ கட்டிவிடுவான். கம்பம் பிடித்துக்கொள்ளும், கை வேலை செய்யும். எல்லாக் குப்பத்திலும் இதுதான் முறை. இது ஏன் எனக்கு முதலிலேயே தோன்றவில்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பழைய சைக்கிள் ட்யூப்பிலிருந்து ஒரு பட்டை வெட்டினேன். அதை எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் சுற்றி, கண்ணிகள் உள்ள ஊசியை அதில் செருகினேன். ஆணி அடித்த மாதிரி நின்றது. இன்னொரு ஊசி இடது கையில். குத்து, ஊசியை அப்படியே விடு, நூலைச் சுற்று, மறுபடி ஊசியைப் பிடி, உருவு. வலது கை மடியில் சும்மா கிடந்தது. வரிசை முடிந்ததும் ஊசிகளை மாற்றிச் செருக ஒரு ஆள் வேண்டும்.

“செல்வி!”

“வர்றேன், வர்றேன். ஒரு மொசலுக்கு எத்தினி தபா கூப்புடுவீங்க? அடுப்புல கேப்பைக் கூழு கிண்டிக்கினு இருக்கேன்.”

வந்து மாற்றிச் செருகிவிட்டு, பின்னலைத் தடவிப் பார்ப்பாள். “நல்லாத்தான் வருது” என்பாள். அந்த ஒரு வார்த்தை போதும், அடுத்த வரிசை முடியும் வரை எழுந்திருக்க மாட்டேன்.

பழகப் பழக இடது கை சும்மா பறந்தது. ஒரு நாளைக்கு நாலு வரிசை, ஆறு வரிசை. மூன்று வாரத்தில் முயலுக்கு வேண்டிய சதுரம் முடிந்தது.

அந்த மூன்று வாரமும் வாரத்துக்கு இரண்டு முறை விழுப்புரம் போனேன். மேடம் என் கையைப் பிடித்து மடக்குவார், நிமிர்த்துவார், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். வளர்ந்துவரும் சதுரத்தை எடுத்துக் காட்டுவேன். அவர் சதுரத்தைப் பார்ப்பார், என் கையைப் பார்ப்பார், நெற்றியைச் சுருக்குவார்.

“பின்னல் நல்லா ஏறுது. கை ஏன் ஏறல?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லவும் இல்லை, அவர் என்னைக் கேட்டால்தானே?

முயல் செய்வது இப்படித்தான்

சதுரம் எப்படி முயலாகும் என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட எளிய பொம்மை கிடையாது. உருண்டையாகப் பின்ன வேண்டாம், கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். ஒரே மாதிரிப் பின்னல், ஒரே ஒரு சதுரம். நம்ம தேசிய நெடுஞ்சாலை மாதிரி நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம்.

முப்பது கண்ணி ஏற்றுங்கள். அறுபது வரிசை போனால் சரியாகச் சதுரம் வரும். கடைசி வரிசையில் கண்ணிகளை ஒன்றுக்குள் ஒன்றாக மாட்டி மூடிவிடுங்கள். சதுரத்தைப் படுக்கப் போட்டு, நடுவில் இடமிருந்து வலமாக ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய தையல் ஊசியில் அதே உல்லனைக் கோத்து, அந்தக் கோட்டின் மேல் ஓட்டுத் தையல் போடுங்கள். கோட்டின் இரண்டு முனையிலிருந்தும் மேல் விளிம்பின் நடுப்புள்ளிக்குத் தையலைக் கொண்டுபோனால் ஒரு முக்கோணம் கிடைக்கும்.

இப்போது முக்கோணத்தின் நடுவில் ஒரு பிடி பஞ்சை வைத்து, நூலை இழுங்கள். இங்கே மட்டும் தாராளமாக இழுக்கலாம். முக்கோணம் சுருங்கித் தலையாகிவிடும். வெளியே மிச்சமிருக்கிற இரண்டு மேல் மூலைகளும் தாமாகவே எழுந்து நிற்கும். அவைதான் காது.

அந்தக் காது எழுந்து நின்றபோது நான் “ஹே!” என்று கத்தினேன். செல்வி கரண்டியோடு ஓடி வந்தாள். அதுவரை மேசைத் துணி மாதிரி கிடந்த ஒன்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது.

“ஐய, உசுரு வந்துடுச்சுங்க!” என்றாள்.

மீதிப் பாதியைப் பின்பக்கமாகச் சேர்த்துத் தைத்து, பஞ்சு அடைத்து, அடியைச் சுருக்கி முடிச்சுப் போட்டால் உடம்பு. செல்வி தன் தலையணையைப் பிரித்து இலவம் பஞ்சு எடுத்துக் கொடுத்தாள். உல்லனை விரலில் சுற்றி வெட்டினால் குஞ்சம், அதுதான் வால். கண்ணுக்குக் கறுப்பு நூலில் இரண்டு தையல். தையலில் இடது கைக்கு எட்டாத இடங்களை செல்வி போட்டாள். மற்றதெல்லாம் நான்தான்.

“ஒரு வரிசை பின்னிக் காட்டுங்க”

முயலைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். கூட்டேரிப்பட்டில் ஏறிய ஓர் அம்மா, மயிலத்துக்குப் போய்விட்டு வருகிறவர், பையிலிருந்து எட்டிப் பார்த்த காதைக் கண்டுவிட்டார்.

“எங்க வாங்கினீங்க? சூப்பரா இருக்குதே.”

“நான் பண்ணேம்மா.”

“சும்மா சொல்லாதீங்க!”

விழுப்புரம் போய்ச் சேரும் வரை நெஞ்சை நிமிர்த்தியபடிதான் உட்கார்ந்திருந்தேன்.

மேடம் முயலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பைப் பார்த்தார், வரிசைகளை எண்ணினார், வாலை இழுத்துப் பார்த்தார். “ரொம்ப நல்லா வந்திருக்குது சார்” என்றார். என் வலது உள்ளங்கையில் முயலை உட்கார வைத்தார்.

“அமுக்குங்க.”

அமுக்கினேன். விரல்கள் பாதி மடங்கி நின்றன. முயலின் வயிற்றில் ஒரு குழிகூட விழவில்லை.

“மூணு வாரமா டெய்லி பின்னிக்கினுதான இருந்தீங்க?”

“சாமி சத்தியமா மேடம்.”

“ஒரு வரிசை பின்னிக் காட்டுங்க.”

ஊசியும் உல்லனும் என் முன்னால் வந்தன. நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கண்ணாடி.

“மேடம், இங்க ஜன்னல் கம்பி இல்லியே.”

“ஜன்னல் கம்பியா? எதுக்கு?”

விளக்கினேன். சைக்கிள் ட்யூப், கம்பி, இடது கை, வலை கட்டுகிற முறை, எல்லாவற்றையும். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். விளக்கி முடிக்கும் வரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எப்பேர்ப்பட்ட யோசனை என்று அவர் பாராட்டப் போகிறார் என்றே நினைத்தேன்.

மேடம் முயலை மேசை மேல் வைத்தார்.

“முயல் நல்லா இருக்குது சார். கைதான் அப்படியே நிக்குது.”

சட்டென்று எனக்குப் புரிந்தது.

“அஞ்சு வாரம் இருக்குது மேடம். அதுக்குள்ள வந்துடும் இல்ல?”

“மூணு வாரம் முன்னாடி கேட்டிருந்தீங்கன்னா வரும்னு தைரியமா சொல்லியிருப்பேன்” என்றார். “இப்ப தெரியல.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தத் ‘தெரியல’தான் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்த பஸ்ஸில் டிரைவருக்குப் பின் இருக்கை கிடைத்தது. ஓட்டியவர் எனக்குப் பழக்கமில்லாத புது ஆள். விக்கிரவாண்டி தாண்டி அவர் கியர் மாற்றும்போதெல்லாம் அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே யோசிக்காமல் பிடித்திருந்தார். என் கால், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, காற்று பட்ட மாதிரி துடைத்துக்கொண்டேன்.

இரண்டாவது முயல்

வீட்டில் செல்வியிடம் சொன்னேன். அவள் நேராகப் போய், ஜன்னலில் சுற்றியிருந்த ரப்பர் பட்டையைக் கத்தியால் அறுத்தாள்.

“நான்தான ஒவ்வொரு வாட்டியும் மாத்திச் செருவினேன்?” என்றாள். “கை எதுக்கு சும்மா கெடக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்கல பாருங்க. நல்லா வருது, நல்லா வருதுன்னு நானே உங்களக் கெடுத்துட்டேன்.”

“நீ இன்னா பண்ணுவ? நான் புத்திசாலியாச்சே” என்றேன். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தோம். மேடம் இந்தத் தடவை கொடுத்தனுப்பிய உல்லன் பழுப்பு நிறம். அன்றைக்கே முப்பது கண்ணி ஏற்றினேன், இரண்டு கையாலும்.

முதல் நாள் அரை வரிசை. அதோடு கை வீங்கிவிட்டது. வெந்நீரில் உப்புப் போட்டு முக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாம் நாளும் அரை வரிசை. மூன்றாம் நாள் முழு வரிசை முடித்து, பார்த்தால் முப்பது கண்ணி இருபத்தாறாகிவிட்டது. பிரித்தேன். பிரிப்பதும் நல்ல பயிற்சிதான் என்று மேடம் போனில் சொன்னார். இரக்கமே இல்லாத பெண்.

நான் பின்னும்போது செல்வி எதிரில் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்தாள். அனந்தபுரத்திலிருந்து அவள் அண்ணன் ஒரு மூட்டை அனுப்பியிருந்தார். பின்னி அலுத்தால் நானும் வலது கட்டைவிரலால் நாலு காயை உடைப்பேன். “உடைக்கறது நாலு, தின்றது எட்டு” என்பாள்.

பஸ்ஸிலும் பின்னினேன். பாபு டிக்கெட் கிழித்தபடி வந்து நின்றான்.

“இன்னாண்ணே, இந்த வெயில்ல ஸ்வெட்டரா?”

“உனக்குத்தான்டா. வாய்ல கட்டிக்க.”

பஸ் சிரித்தது. என் கையும் வேலை செய்துகொண்டிருந்தது. குலுங்கும் வண்டியில் ஊசியை நழுவாமல் பிடிப்பதற்குத் தனி பலம் வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் ஒன்றைக் கவனித்தேன். ஊசி நழுவும்போது, நான் நினைப்பதற்கு முன்னால் சுண்டுவிரல் தானாக வந்து அதைத் தடுத்தது. அந்தச் சுண்டுவிரல் மாதக்கணக்கில் எனக்குச் சொந்தமில்லாமல் இருந்தது. செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு சுண்டுவிரலை இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த இரண்டாவது முயல், உள்ளதைச் சொன்னால், பார்க்கச் சகிக்காது. ஆரம்ப வரிசைகள் வலை மாதிரி இறுகியும், நடுவில் கொசுவலை மாதிரி தொளதொளவென்றும், மேலே போகப் போக ஒழுங்காகவும் இருந்தது. ஒரு காது பெரிது, ஒன்று சிறிது. முகம் வேறு கொஞ்சம் கோணல். ஆனால் பஞ்சு முழுவதையும் நானே வலது கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அடைத்தேன். நூலை இழுத்துத் தலையைச் சுருக்கியதும் அந்தக் கையால்தான்.

நீல முயலோடு சேர்த்து மேடத்திடம் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு முயலையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தார்.

“நீல முயல் எங்கிட்ட இருக்கட்டும் சார்” என்றார். “புதுசா வர்றவங்களுக்குக் காட்டணும். ஒத்தக் கையால இவ்ளோ அழகா பண்ணக் கூடாதுன்னு சொல்லணும்.”

“அப்ப போர்டு மேடம்?”

“முடிவு சொல்றது அவங்க வேலை. நான் அனுப்பறதுக்கு ரெடி” என்றார்.

பழுப்பு முயலை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். யார் கேட்டும் கொடுக்கவில்லை.

போதும் என்றார் டாக்டர்

போர்டு அன்று காலையில் செல்வி என் சட்டைக்குப் பித்தான் போட வந்தாள். “நானே போட்டுக்கறேன்” என்றேன். ஐந்து பித்தானுக்கும் நேரமானது. அவள் ஜல்தி பண்ணாமல் பக்கத்திலேயே நின்றாள்.

என் முறை வரும்போது மதியமாகிவிட்டது. வயதான ஒரு டாக்டர். கண்ணாடிக்கு மேலால் பார்த்துப் பேசுகிறவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மணிக்கட்டைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். இடது கை அளவுக்குத் திரும்பவில்லை, அவரும் கவனித்தார், எதையோ எழுதினார். மேசையில் கிடந்த பேனா மூடியை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். விரல்களை மடக்கி முஷ்டி பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். சுண்டுவிரல் மட்டும் கடைசியாக வந்து சேர்ந்தது.

“எவ்ளோ வருஷமா ஓட்டறீங்க?”

“இருபத்திரண்டு வருஷம் சார்.”

“கேட்ல ஒரு போஸ்ட் காலியா இருக்குதுன்னு எழுதியிருக்காங்களே. நிழல்ல உக்காந்து வேலை. வேணாமா?”

“வேணாம் சார்” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

தன் வலது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்து என் முன்னால் நீட்டினார்.

“இதப் பிடிங்க. எவ்ளோ முடியுமோ, அவ்ளோ.”

பிடித்தேன். வலித்தது. வலிக்கட்டும் என்று பிடித்தேன். நாலு விரலும் சுற்றி வந்தன, கட்டைவிரல் மேலே வந்து பூட்டியது. என் கைக்குள் இன்னொரு மனிதனின் எலும்பு இருப்பது தெரிந்தது. இத்தனை மாதம் எதையும் இப்படிப் பிடிக்காமல் எப்படி இருந்தேன் என்று நினைத்தேன்.

டாக்டர் முகம் லேசாகச் சுளித்தது. “சரி, போதும்” என்றார்.

விரலை உருவப் பார்த்தார். வரவில்லை.

“போதும்ப்பா. நீ வண்டியே ஓட்டு. கைய விட்டாத்தான நான் கையெழுத்துப் போட முடியும்?”

எனக்கு நன்றாகவே கேட்டது. இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.